நீள மேசை இருந்த கடை

மைசூரில் சந்தைப்பேட்டைக்குப் போகிற பெரிய தெருவில், எங்கள் அப்பா லூர்துராஜின் தையற்கடைக்கு நேர் எதிரே ஒரு கடை இருந்தது. எனக்குத் தெரிந்து அதில் ஐந்து பேர் தொழில் நடத்தியிருக்கிறார்கள். அவர்களில் நால்வர் அங்கே இருந்த காலம் முழுவதும் கடையின் பின்புற அறையில் குடியிருந்தவள் வள்ளியாத்தாள். 1928ஆம் வருஷம் அந்தக் கடையில் ஒரு பெண் விஷத்தால் செத்துப்போனாள். விஷம் வைத்தவர் யாரும் இல்லை. ஆனால் அது தெரிவதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. அப்பா பார்த்தது கொஞ்சம், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மா ஜேன் பார்த்தது கொஞ்சம், மிச்சத்தை வள்ளியாத்தாளே எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள்.

அவளுக்குக் கொள்ளேகாலை அடுத்த ஹனூர் பக்கம் ஒரு கிராமம். மழை இல்லாமல் போன வருஷம், கண்ணம்பாடியில் பெரிய அணை கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் புருஷன் சடையப்பன் அவளையும் கூட்டிக்கொண்டு கல் சுமக்கப் போனான். ஏழாவது மாதம் குளிர்காய்ச்சலில் அவன் போய்ச்சேர்ந்தான். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பிள்ளை இல்லை. ஊருக்குத் திரும்பினால் கொழுந்தன் வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் படுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மைசூருக்கு நடந்து வந்தாள். வந்த நாலாம் நாள், எலியேசர் கடையில் வேலைக்கு ஆள் நிற்பதில்லை, போய்க் கேட்டுப்பார் என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொன்னார்கள்.

ஆள் நிற்காததற்குக் காரணம் நாற்றம். எலியேசர் மிருகங்களைப் பாடம் பண்ணுகிறவர். வேட்டைக்கு வரும் துரைகளும் அதிகாரிகளும் சுட்ட புலி, சிறுத்தை, காட்டெருமைத் தலை எல்லாம் அவரிடம் வரும். தோலை உரித்து, உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி, வைக்கோல் திணித்து, கண்ணாடிக் கண் வைத்து, உயிரோடு இருக்கிற மாதிரி நிறுத்திக் கொடுப்பார். பெரிய புலித் தோலை விரிக்க வேண்டும் என்பதற்காகத் தேக்குப் பலகைகளைச் சேர்த்து ஒன்பதடி நீளத்தில் ஒரு மேசை செய்துவைத்திருந்தார். கடைக்குள்ளேயே கூட்டிய மேசை, கதவு வழியாக வெளியே போகாது.

தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க, வெள்ளைப் பாஷாணத்தைச் சோப்போடும் கற்பூரத்தோடும் குழைத்து உட்புறம் தடவுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே எலியேசர் அவளிடம் அந்த டப்பாவைக் காட்டினார்.

“பாக்கறதுக்குச் சீனி மாதிரி இருக்கும். வயித்துக்குள்ள போனா ஆள் இல்ல. இந்தக் கதவுக்கு உள்ள நீ ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் அன்னிக்கே வேலை போச்சு, புரியுதா?”

அவளுக்குப் புரிந்தது. ஆறு வருஷம் அந்த மேசையில் தோல் தேய்த்தாள். சாப்பாட்டு வேளைக்கு முழங்கை வரை சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டு, கொல்லைப்புறம் போய்த்தான் களி உருண்டையை எடுப்பாள். கடைக் கட்டடம் கமலம்மாள் என்ற ஒரு விதவையுடையது. இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த அம்மாள், வாசலைக் கூட்டிக் கதவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பின்புற அறையை வள்ளியாத்தாளுக்கு விட்டிருந்தாள்.

1918இல் ஊர் ஊராக விஷஜுரம் வந்ததே, அதில் எலியேசர் போனார். வெள்ளிக்கிழமை ஒரு சிறுத்தையின் காதைத் தைத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார். அந்த வாரம் உடலைக் கழுவிச் சட்டை போட்டுவிடக்கூட யாரும் கிட்ட வரவில்லை. அவர் மனைவியும் வள்ளியாத்தாளும்தான் அதைச் செய்தார்கள். கையைத் துடைக்கும்போது, அவர் விரல் நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடியிருப்பதை வள்ளியாத்தாள் பார்த்தாள். தொழிலில் வந்த அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தாள். அது போகவில்லை.

அவர் மனைவி கத்தி, ஊசி, கண்ணாடிக் கண்கள், ஒற்றைக் காது தைத்த சிறுத்தை எல்லாவற்றையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். மேசை மட்டும் கிடந்தது.

அடுத்து வந்தவர் மல்லப்பன். சைக்கிள் ரிப்பேரும் வாடகையும். ஆறு வருஷம் அந்த மேசை மீது சக்கரங்களைக் குப்புறப் போட்டுக் கம்பி இழுத்துக்கட்டினார். பலகை முழுக்கக் கறுப்பு எண்ணெய் ஊறிப்போயிற்று. தொழில் பெருகி அவர் வேறு தெருவுக்குப் போனார். பிறகு ஒருவர் கிராமபோன் பெட்டி விற்க வந்தார். வாசலில் நின்று கேட்டவர்கள் நிறைய, வாங்கியவர்கள் இல்லை. எட்டே மாதத்தில் காலி செய்தார். வள்ளியாத்தாள் ஒவ்வொருவருக்கும் வாசல் தெளித்தாள், கதவு திறந்துவிட்டாள், கூப்பிட்ட வேலையைச் செய்தாள்.

1927 தசராவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பசவராஜ் வந்தார். கொள்ளேகால்காரர், முப்பது வயது இருக்கும். வீட்டில் கன்னடம், எங்களைப் போன்றவர்களிடம் அந்தப் பக்கத்துத் தமிழ். மனைவி மாதேவி, நாலு வயது மகள் சென்னம்மா. பலகாரக் கடை போடப்போகிறோம் என்றார்கள். ஒப்பட்டு என்கிற போளி, மடித்துப் பொரிக்கிற சிரோட்டி, தட்டை மாதிரி நிப்பட்டு மூன்றிலும் மாதேவியின் கை பேர் போனதாம். தன் ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் வள்ளியாத்தாளுக்குச் சந்தோஷம். பாத்திரம் தேய்க்கவும் மாவு சலிக்கவும் நீங்களே இருங்கள் அக்கா என்று மாதேவி சொன்னது அதைவிடச் சந்தோஷம்.

பசவராஜ் மேசையைப் பார்த்து, இந்தக் கறுப்புச் சனியனை உடைத்து எடுத்துவிடலாம் என்றார். மாவு பிசைந்து தேய்க்க இதைவிட வசதியாக எது கிடைக்கும் என்றாள் மாதேவி. இரண்டு பேரும் வள்ளியாத்தாளைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் அவளுக்கு எலியேசரும் அவருடைய டப்பாவும் ஞாபகத்துக்கு வந்தன. இதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. ஞாபகம் வந்தது, அதோடு கூடவே வேறு நினைப்புகளும் வந்தன. ஒன்பது வருஷம் ஆயிற்று. மல்லப்பன் ஆறு வருஷம் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். இப்போது போய்ச் செத்த மிருகம், விஷம் என்று சொன்னால், மடி ஆசாரம் பார்க்கிற இவர்கள் மேசையோடு கடையையும் வேண்டாம் என்று போய்விடுவார்கள். “நல்ல தேக்குங்க, தேச்சுக் குடுத்தர்றேன்” என்றாள்.

இரண்டு நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். பசவராஜ் ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து மேல்பக்கம் முழுவதையும் இழைக்கச் சொன்னார். எவ்வளவு எடுத்தீர்கள் என்று வள்ளியாத்தாள் ஆசாரியிடம் தனியாகக் கேட்டாள். ஒரு விரல் கனம் என்றார். உள்ளிருந்து புது மரம் மாதிரி மஞ்சளாக வந்தது, தேக்கு மணத்தது. அவள் மனம் ஆறிப்போயிற்று.

கடை நன்றாக நடந்தது. எங்கள் தெருவில் தசரா முடிந்தும் கூட்டம் குறையாத கடை அது ஒன்றுதான். தினம் மூன்று வேளை அந்த மேசையில் ஈர மாவைப் போட்டு அடித்துப் பிசைவார்கள். பலகைகளின் இணைப்பில் மாவு புகுந்துகொள்ளும். காலையில் மாதேவி அதைத் தோசைத் திருப்பியால் சுரண்டி எடுப்பாள். நல்ல மாவை வீணாக்குவானேன் என்று அந்தச் சுரண்டலைத் தட்டி ரொட்டியாகச் சுட்டுத் தின்பாள். அதுதான் அவளுடைய காலைப் பலகாரம். பசவராஜ் பூஜை முடித்து மத்தியானச் சோறுதான் சாப்பிடுவார். குழந்தைக்கு மோர்ச்சாதம். வள்ளியாத்தாளுக்கும் தினம் பாதி ரொட்டியை மாதேவி நீட்டுவாள். களி மட்டுந்தானுங்க எனக்கு ஒத்துக்கும் என்று அவள் ஒதுக்கிவிடுவாள். ஏன் ஒதுக்கினாய் என்று அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

தை மாதம் மாதேவிக்கு வாந்தி தொடங்கியது. தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டார்கள், இரண்டாவது பிள்ளை என்று. அப்படி இல்லை என்று தெரிந்தபோது பித்தம் என்றார் வைத்தியர். பிறகு பாதம் எரிகிறது என்றாள். உள்ளங்கைத் தோல் கறுத்துத் தடித்தது. ஆள் பாதியாக இளைத்ததும் பசவராஜ் அவளைக் குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மா வேலை பார்த்த வார்டில்தான் அவளைச் சேர்த்தார்கள். என்ன நோய் என்று டாக்டருக்குப் பிடிபடவில்லை, ஆனால் மூன்று வாரத்தில் உடம்பு தேறியது. கஞ்சி குடித்தாள், நடந்தாள், அம்மாவிடம் சிரோட்டிக்கு மாவு மடிக்கும் பக்குவம் சொல்லிக்கொடுத்தாள். யுகாதி வருகிறது, ஒப்பட்டுக்கு ஏகப்பட்ட பேர் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று பிடிவாதமாக வீட்டுக்கு வந்தாள்.

வந்த ஒன்பதாம் நாள் மறுபடி வாந்தி. யுகாதிக்கு முந்தின வாரம் வண்டியில் ஏற்றும்போது தலை நிற்கவில்லை. மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள். வயது இருபத்துநாலு.

டாக்டர் உடலைக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தேறியவள் வீட்டுக்குப் போனதும் எப்படி விழுந்தாள் என்று அவர் மனத்தில் உறுத்தியிருக்கிறது. அறுத்துப் பார்த்துச் சோதித்தார்கள். நாலாம் நாள் காலையில் போலீஸார் வந்து, வாசலில் நின்ற பசவராஜை அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள். மேல்துண்டை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. குழந்தை பின்னாலேயே ஓட, அப்பா தெருவில் இறங்கி அதைத் தூக்கிக்கொண்டார். எதற்குப் பிடித்தார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. தெருவில் எல்லாக் கடையும் வேலையை விட்டுவிட்டு நின்றது.

அம்மா மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வள்ளியாத்தாள் எங்கள் கடைப் படியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“பொண்டாட்டிக்குக் கொஞ்சங்கொஞ்சமா வெஷம் குடுத்திருக்கான்னு கேஸ். வயித்துல பாஷாணம் இருந்துச்சாம். நகத்தைப் பாத்தப்பவே டாக்டருக்குச் சந்தேகம். பத்து நகத்துலயும் குறுக்க வெள்ளைக் கோடு.”

வள்ளியாத்தாள் தன் விரல் நகங்களைப் பார்த்தாள் என்று அம்மா சொல்வாள். பிறகு குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து எதிர்க்கடைக்குள் போனாள். என்னவோ செய்துகொள்ளப் போகிறாள் என்று பயந்து அப்பா பின்னாலேயே ஓடினார். அவள் மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். தோசைத் திருப்பியை எடுத்துப் பலகைச் சந்தில் விட்டு நெம்பினாள். காய்ந்த மாவு வந்தது. அதற்குக் கீழே கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. இன்னும் ஆழத்தில் விட்டு நெம்பியபோது, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. லேசாகக் கற்பூர வாசனை வந்தது.

அந்தக் கடை ஒப்பட்டை நாங்களும் தின்றிருக்கிறோம், தெருவே தின்றிருக்கிறது. ஆளுக்கு ஒன்றோ இரண்டோ தின்றதால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதேவி தினமும் பலகைச் சந்தில் இருந்ததையே சுரண்டித் தின்றாள்.

உதிர்ந்ததைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வள்ளியாத்தாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். வேண்டாம், முதலில் டாக்டரைப் பார்க்கலாம் என்று அப்பா தடுத்தும் நிற்கவில்லை. அப்பாவும் கூடப் போனார். இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் கேட்கக் கேட்க, அவள் எலியேசர் காலத்திலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மேசையைத் தேய்த்துக் கொடுத்ததையும் சொன்னாள். அவர் கடைசியில் ஒன்று கேட்டார்: அந்த ரொட்டியை உனக்கும் கொடுத்தாளா?

கொடுத்தாள் என்றாள்.

நீ தின்றாயா?

இல்லை.

ஏன்?

அந்தக் கேள்வி தலையில் இடி மாதிரி விழுந்தது என்று எங்களிடம் சொன்னாள். அந்தக் கதவுக்குள் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று எலியேசர் சொன்னதை அவள் உடம்பு ஒரு நாளும் மறக்கவில்லை. ஆறு மாதம் தான் தப்பிக்கொண்டு, அந்தப் பெண்ணைத் தின்னவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அங்கே நின்றபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் அவளையும் உள்ளே வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை என்று சாயங்காலத்துக்குள் ஊர் பேசியது. சொல்லக் கூசும் பேச்செல்லாம் பேசினார்கள். அம்மா டாக்டரிடம் போய் நின்றாள். நல்ல மனிதர், கோபப்படாமல் கேட்டார். மறுநாள் போலீஸையும் கூட்டிக்கொண்டு தானே வந்து, உளியால் மூன்று இடத்தில் மேசையைப் பெயர்த்து, புட்டியில் போட்டு முத்திரை வைத்து பெங்களூருக்கு அனுப்பினார். பதில் வரப் பதினோரு நாள் ஆயிற்று. அதுவரை சென்னம்மா எங்கள் வீட்டில் என்னோடு ஒரே பாயில் படுத்தாள். அம்மா எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் எங்கள் அம்மாவை அழவைத்தது.

ஸ்டேஷனில் பசவராஜ் ஒரு அறையில், வள்ளியாத்தாள் அடுத்த அறையில். நடுவில் சுவர். மூன்றாம் நாள்தான் அவர் முதல் முதலாகப் பேசினார். உரக்கக்கூடப் பேசவில்லையாம்.

“அக்கா. மேசையத் தேய்க்கறப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“நெனப்பு வந்துச்சுங்க.”

“வந்து?”

“ஒம்பது வருசம் ஆச்சேன்னு உட்டுட்டனுங்க. சொன்னா நீங்க போயிருவீங்கன்னு உட்டுட்டேன்.”

பிறகு அவர், “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. ஒரே ஒரு வார்த்தை” என்றார். மீதி நாட்களில் அவர் பேசவில்லை.

பெங்களூர்க் காகிதத்தில், மூன்று துண்டிலும் பாஷாணம் இருக்கிறது, பலகை இணைப்பில் மிக அதிகம் என்று எழுதியிருந்தது. இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். பசவராஜ் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவுக்குக் கை கூப்பிவிட்டு, கடைப் பக்கம் திரும்பாமலே கொள்ளேகாலுக்குப் போய்விட்டார். அண்டா, அடுப்பு, சட்டுவம் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது.

மேசையை எரிக்கக் கூடாது, புகையும் ஆபத்து என்றார் டாக்டர். உள்ளேயே அறுத்து, ஊருக்கு வெளியே ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கமலம்மாள் தரையைப் பெயர்த்துப் புதுத் தளம் போட்டு, சுவருக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தாள். இனி இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்றாள். அது வள்ளியாத்தாளிடம் நடக்கவில்லை. கடை பார்க்க யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, இங்கே இன்னது நடந்தது, இன்னாரால் நடந்தது என்று தன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். அரிசி மண்டிக்காரர் ஒருவர் போனார். காப்பிக் கிளப் போட வந்தவர் போனார். நாலாவது ஆளும் போனதும் கமலம்மாள் அவள் சாமான்களை எடுத்துத் தெருவில் வைத்தாள். பதினாறு வருஷம் இருந்த அறை.

அம்மா சொல்லி, ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆனால் லீவு நாளில் எங்கள் கடைப் படிக்கு வந்துவிடுவாள். எதிர்க்கதவு திறந்திருந்தால் போய்ச் சொல்லுவாள். பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். அப்பா அப்படிச் சொல்ல விடமாட்டார். 1935இல் பூட்டும் ஆணியும் விற்கிற ஒருவர் வந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, இரும்புக்கு என்னம்மா ஆகும் என்றார். இரும்புக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் உள்ளே சாப்பிடாதீர்கள் என்றாள். அவர் தலையசைத்தார். இன்று வரைக்கும் மத்தியானத்தில் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்குத்தான் வருகிறார்.

1941 சித்திரையில் ஒரு நாள், ஆஸ்பத்திரி வாசலில் தர்மத்துக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பந்தலில் வள்ளியாத்தாள் நின்றிருந்தாள். வேலை முடிந்த பிறகு அங்கே ஊற்றிக்கொடுப்பது அவள் வழக்கம். நரைத்த மீசையோடு ஒருவர் கையை நீட்டினார். பட்டுக்கூடு விற்க மைசூருக்கு வந்த பசவராஜ். அவருக்கும் அப்போதுதான் அவளை அடையாளம் தெரிந்தது. சென்னம்மாவை நஞ்சன்கூட்டில் கட்டிக்கொடுத்திருப்பதாக அவர் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னாள்.

“டம்ளரக் கையில வாங்கினாருங்க. வாங்கி, தண்ணியவே பாத்துட்டு நின்னாரு. என்ற மூஞ்சியப் பாத்தாரு. அப்பறம் குடிச்சாருங்க.”

முழுக்கவா என்று அம்மா கேட்டாள்.

“பாதிங்க” என்றாள் வள்ளியாத்தாள்.